கோட்டைக்கு ஓடியவள்

முருகன் துணை

பிராங்பேர்ட்
12.11.2006

அன்பு மகள் சாரங்காவுக்கு,

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது உனக்குத் தடிமன் மாறி, இருமல் நின்று, நீ நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். இங்கே எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. பிரவீணனுக்கு ஒப்பன்பாக்கில் ஒரு சின்னக் கொம்பனியில் அவுஸ்பில்டுங், தொழில் பழகும் இடம், கிடைத்துவிட்டது, மின்சார வேலை, விடிய எழும்ப முணுமுணுக்கிறான், ஆனாலும் போகிறான். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் அதே வேலைதான், முழங்கால் மட்டும் குளிர் வந்தால் கதை சொல்கிறது. அப்பா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றப் போகிறார், இப்போது இடுப்புக்குப் பட்டி கட்டிக்கொண்டு போகிறார், அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறார், உனக்கு மட்டும் சொல்கிறேன். அப்பா ஏன் என்னோடு சரியாகக் கதைக்கிறார் இல்லை, நிஹேய் ஐயா வந்துபோன நாளில் என்ன நடந்தது என்று நீ தொலைபேசியில் இரண்டு மூன்று தரம் கேட்டாய். நான் மழுப்பினேன். அப்பா பக்கத்தில் இருக்கும்போது சொல்லக்கூடிய கதை இல்லை அது. இன்றைக்கு அவர் வேலைக்குப் போய்விட்டார், நான் தேத்தண்ணியும் பேப்பருமாகக் குந்தியிருக்கிறேன், எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் குமுதினி மாமியின் கதையைச் சொல்ல வேண்டும். யோகலிங்கம் மாமா செல் விழுந்து செத்த பிறகு அவள் மன்னாரில் அவருடைய வீட்டிலேயே இரண்டு பெண் பிள்ளைகளோடும் தனியே இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். இந்த வருடம் அங்கே திரும்பவும் சண்டை மூண்டு, சனம் படகேறி இராமேஸ்வரத்துக்குப் போகத் தொடங்கிவிட்டது. இவளும் போகப் பார்த்தாள். ஆனால் அண்ணனை, உன் அப்பாவை, கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டாள், தகப்பன் இல்லாமல் அண்ணனின் சொல்லில் வளர்ந்தவள். அப்பா ஓம் என்று சொல்லவில்லை. குமரியளைக் கொண்டு முன்பின் தெரியாதவனின் படகில் ஏறுவதா, முகாமில் மறைப்புக்கு ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு படுப்பதா, யோகலிங்கத்தின் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினால் நாளைக்கு அவனுடைய ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று அவருக்கு நூறு நியாயம். இங்கே ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நியாயம் சொல்வது லேசு என்று நான் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன், அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் செப்டெம்பரில், நீ படிக்கப் போயிருக்கும் ஜப்பானில் உனக்கு மாடியை வாடகைக்குத் தந்த நிஹேய் ஐயா வந்தார். இளம் வயதில் ஜப்பானில் இருந்து இங்கே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தவர் அவர் என்று நீ எழுதியிருந்தாய், ஆனால் இவ்வளவு நன்றாக ஜெர்மன் கதைப்பார் என்று நான் நினைக்கவில்லை. டுயிஸ்புர்க்கில் பழைய கூட்டாளிகளைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் ரயிலில் வந்தார். வாசலில் நின்று, சுரங்கக்காரர் ஒருவருக்கொருவர் சொல்லும் "குளுக் ஔஃப்" என்ற வணக்கத்தைச் சொல்லிக் குனிந்தார், அப்பாவும் என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்தார், இரண்டு பேரின் தலையும் முட்டப் பார்த்தது. நீ கொடுத்துவிட்ட அரிசி மாவும் சால்வையும் கிடைத்தன. சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் வைத்தேன். முருங்கைக்காயை எப்படிச் சப்புவது என்று பிரவீணன் காட்டிக்கொடுக்க, எழுபது தாண்டிய மனிதர் சின்னப் பிள்ளை போலச் சப்பிக்கொண்டு இருந்தார். உன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னார், மேல் மாடியில் நீ நடக்கும் சத்தமே கேட்பதில்லையாம், பனி விழுந்தால் வாசலை நீதான் முதலில் கூட்டுகிறாயாம்.

அப்போது தொலைபேசி அடித்தது. குமுதினி மாமி. பின்னால் இடி போல ஏதோ கேட்டது என்று அப்பாவே பிறகு சொன்னார். அவள் அழவில்லை, கெஞ்சினாள். அப்பா விருந்தாளி இருக்கிறார் என்பதையும் மறந்து கத்தினார். "பொம்பிளைப் பிள்ளையளைக் கொண்டு கடலில இறங்கப் போறியோ? சாவு வாறதெண்டால் வீட்டில இருந்தாலும் வரும். மானத்தோட வீட்டுக்குள்ள இரு. ஓடாதை!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு வந்து சோற்றைப் பிசைந்தார், வாய்க்குக் கொண்டு போகவில்லை. நிஹேய் ஐயா என்னைப் பார்த்தார். நான் வெட்கத்தோடு நடந்ததை ஜெர்மனில் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. அவர் கையில் இருந்த முருங்கைக்காயைச் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைத்தார், கையைத் துடைத்தார், "எங்கள் வீட்டிலும் ஒருத்தியிடம் ஓடாதே என்று சொன்னார்கள், திருவாளர் முருகேசு. நான் அவளுடைய வழியில் வந்தவன். சொல்லட்டுமா?" என்று கேட்டார். பிறகு அவர் சொன்னார். அவருடைய சுரங்க ஜெர்மனை நான் என் தமிழில் எழுதுகிறேன், பிழை இருந்தால் என்னுடையது, அவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்.

அவருடைய பூட்டியின் பெயர் தோமி. நீ இப்போது இருக்கும் அதே அய்சு வகமட்சுவில் வாள் வைக்கும் உரிமை உள்ள ஒரு சின்னக் குடும்பத்தில் பிறந்தவள். அந்தக் காலத்தில் சக்கரவர்த்தி கியோத்தோவில் பெயருக்கு இருந்தாராம், நாட்டை ஆண்டது எடோவில் இருந்த ஷோகன் என்ற படைத் தலைவர், அந்த எடோதான் இன்றைக்கு தோக்கியோ. இருநூறு வருடத்துக்கு மேலாக அந்தப் பரம்பரைதான். வெளிநாட்டாரை ஒரு மூலைத் துறைமுகத்துக்கு அப்பால் விடாமல் நாட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். பிறகு அமெரிக்காவின் கரிப்புகைக் கப்பல்கள் பீரங்கியோடு வந்து கதவைத் திற என்றன. ஷோகனிடம் அந்தப் பீரங்கிக்கு மறுமொழி இல்லை, கையெழுத்து வைத்தார். வெள்ளைக்காரனுக்குப் பணிந்துவிட்டான் என்று தெற்கிலும் மேற்கிலும் இருந்த பெரிய பிரபுக்களின் ஆட்கள் கொதித்தார்கள், சக்கரவர்த்தியின் பெயரைச் சொல்லிக் கியோத்தோத் தெருக்களில் பட்டப்பகலில் வெட்டத் தொடங்கினார்கள். தலையை வெட்டிப் பாலத்தடியில் வைத்துவிட்டுப் போவார்களாம். அந்த நகரத்தைக் காக்கும்படி ஷோகன் அனுப்பியது அய்சுப் பிரபுவை. அய்சுக்காரரும் சும்மா இருக்கவில்லை, அவர்களும் பிடித்துப் பிடித்து வெட்டினார்கள். நிஹேய் ஐயா இதை மறைக்கவில்லை. "எங்களுடைய ஆட்களின் கையிலும் அவர்களுடைய பிள்ளைகளின் இரத்தம் இருந்தது" என்றார். பகை அப்படித்தான் வளர்ந்தது. கடைசியில் வெள்ளைக்காரனை எதிர்த்தவர்களே வெள்ளைக்காரனிடம் துப்பாக்கி வாங்கிக்கொண்டு வந்தார்கள். விற்றவர்களில் ஜெர்மன்காரரும் இருந்தார்களாம், இரண்டு பக்கமும் வாங்கியதாம். கியோத்தோவுக்கு வெளியே சண்டை நடந்தபோது தோமியின் தகப்பன் ஈட்டியோடு நின்ற வரிசையில் இருந்தார். எதிர்ப்பக்கம் துப்பாக்கி. ஈட்டிக்காரர் ஓடி ஓடி விழுந்தார்கள், விழுந்தவன்மேல் ஏறி அடுத்தவன் ஓடி விழுந்தான். வீட்டுக்கு வந்தது தகப்பனின் குடுமி மட்டும், துணியில் சுற்றி.

ஷோகன் அடங்கிவிட்டார், எடோவையும் கொடுத்துவிட்டார். ஆனால் வென்றவர்களின் கோபம் அய்சுமேல்தான். அய்சு பணிகிறேன் என்று சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. அந்த வருடம், 1868இல், இலையுதிர் காலத்தில் மலைக் கணவாயை உடைத்துக்கொண்டு படை ஊருக்குள் இறங்கியது. மணி அடித்தால் வாள் குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் கோட்டைக்குள் போய்விட வேண்டும் என்று கட்டளை. காலை மழையில் மணி அடித்தது. தோமிக்குப் பதினாறு வயது, தங்கச்சி நாவோவுக்கு எட்டு. தமையன் கோட்டையில் பீரங்கிக்காரரோடு. வீட்டில் தாயும், எழும்ப ஏலாத பாட்டனும். தாய் எழும்பி நிற்கவேயில்லையாம், குந்தியிருந்தபடி சொன்னாள், "கோட்டைக்குள்ள அரிசி சண்டை பிடிக்கிறவைக்குத்தான் காணும். நாங்கள் போய் அவையின்ரை வாய்ச்சோத்தைப் பறிக்கக்கூடாது. எதிரியின்ரை கையிலயும் அம்பிடக்கூடாது." ஊர் முழுக்க அன்று காலை எத்தனையோ வீட்டில் இதே கதைதான் நடந்ததாம். வெள்ளை உடுப்பு ஏற்கெனவே தைத்து வைத்திருந்தாள். பாட்டன் முதலில் தன்னை என்றார். தாய் அவர் சொன்னபடி கழுத்தில் செய்தாள், சாகும்வரை தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். அந்தச் சத்தத்தைத் தோமி கடைசிவரை மறக்கவில்லையாம், வாளி கவிழ்ந்தது போல என்று சொல்வாளாம்.

பிறகு நாவோவைக் கூப்பிட்டாள். விழும்போது கால் அலங்கோலமாக விரியக்கூடாது என்று முழங்காலைச் சேர்த்து இடுப்புப் பட்டியால் கட்டினாள், அது அங்கத்தைய முறை. பிள்ளை கட்டவிட்டாள். "அம்மா, நோகுமோ?" என்று கேட்டாள். தாய் சொன்னாள், "இல்லை, குஞ்சு. கண்ணை மூடு." அந்தக் கையைத் தோமி பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டனில் தயங்காத கை அது, இப்போது கத்தி நுனி பிள்ளையின் கழுத்தருகே வந்து நின்றுவிட்டது. தாய் ஒரு தரம் கையைக் கீழே இறக்கி மூச்சு எடுத்தாள். அந்த ஒரு மூச்சுக்குள் தோமி பாய்ந்து தங்கச்சியைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு வாசலால் பாய்ந்தாள். முழங்கால் கட்டியபடியே, அவிழ்க்க நேரமில்லை. பின்னால் தாய் "தோமி, நில்! ஓடாதை!" என்று ஒரு தரம் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்லவில்லை. தெரு வளைவில் திரும்பிப் பார்த்தபோது தாய் வாசலில் கத்தியோடு நின்றாள், பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு தாயைப் பார்க்கவில்லை.

தெருவெல்லாம் சனம். செருப்பு, பொட்டலம், கவிழ்ந்த பல்லக்கு, மிதிபட்டுக் கிடக்கும் கிழவர்கள். சில வீடுகள் உள்ளிருந்தே எரியத் தொடங்கிவிட்டன. பெரிய தெருவின் மறுமுனையில் எதிரிகள் வரிசையாக முழங்காலில் குந்திச் சுடுகிறார்கள், எழும்புகிறார்கள், முன்னால் வருகிறார்கள், திரும்பவும் குந்துகிறார்கள். முன்னால் ஓடிய ஒரு பெண்ணின் முதுகு வெடித்து அவள் விழ, தோமி அவளைத் தாண்டிப் போனாள். கோட்டைக் கதவை மூடிக்கொண்டு இருக்கிறார்கள், அகழி ஓரத்தில் நின்ற சனம் தள்ளுப்பட்டுத் தண்ணீரில் விழுகிறது, விழுந்தவர்களைத் தூக்க ஒருவரும் இல்லை. நாவோ முதலில் அக்காவின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள், பிறகு பிடி விட்டுப்போனது, களைத்துவிட்டாள் ஆக்கும் என்று தோமி கையைப் பின்னால் கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஓடினாள். முதுகு சூடாக நனைந்தது, பிள்ளை பயத்தில் மூத்திரம் பெய்துவிட்டாள் என்று நினைத்தாளாம். கதவு இடுக்கால் ஒரு காவல்காரன் தலைமயிரைப் பிடித்து உள்ளே இழுத்தான். உள்ளே ஒரு மனிசி வந்து, முதுகைப் பார்த்து, மெல்லச் சொன்னாள், "பிள்ளையை இறக்கு, மோனை. அது போயிட்டுது." குண்டு நாவோவின் உள்ளேயே நின்றுவிட்டது. பிள்ளை முதுகில் இருந்திராவிட்டால் அது தோமிக்கு. இறக்கி வைத்த பிறகுதான் முழங்கால் முடிச்சை அவிழ்த்தாள், ஈரத்தில் இறுகிப்போய்ப் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்ததாம்.

இந்த இடத்தில் நான் எழும்பிக் குசினிக்குள் போய் நின்றேன், சாரங்கா. பிரவீணன் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். திரும்பி வந்தபோது நிஹேய் ஐயா அதே இடத்தில் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார், அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கோட்டைக்குள் ஒரு மாதம். எதிரில் இருந்த மலையில் வெள்ளைக்காரன் செய்த பீரங்கிகளை ஏற்றி நாள் முழுக்க அடித்தார்கள். நீ பூமரத்தோடு படம் அனுப்பினாயே, அந்த வெள்ளைக் கோட்டை புதிதாகக் கட்டியதாம், பழையது அரிதட்டுப் போல ஓட்டையாகிப் பிறகு இடித்துவிட்டார்களாம். குண்டு விழுந்து வெடிக்க முதல் கொஞ்ச நேரம் திரி எரியும். பெண்கள் தண்ணீரில் தோய்த்த மெத்தைப் போர்வையோடு ஓடிப்போய் அதன்மேல் விழுந்து அமத்துவார்கள். அமர்ந்தால் தப்பினாய், இல்லாவிட்டால் இல்லை. தோமி நாவோவின் பட்டியால் சட்டைக் கையை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடினாள். அவளோடு போர்வையின் மற்றப் பக்கம் பிடித்து ஓடிய பெட்டை ஒரு நாள் தோமியைவிட இரண்டு அடி முன்னால் போய்விட்டாள், அவளில் எடுத்து எரிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. தோமியின் இடது கையில் இரண்டு விரல் போனது. சவத்தைப் புதைக்க இடமில்லாமல் வற்றிய கிணற்றுக்குள் போட்டார்கள், பிறகு கிணறும் நிரம்பியது. காயக்காரர் படுத்த மண்டபத்தில் சோற்றுருண்டை கொண்டு போனால், வாங்கக் கை இல்லாதவனின் வாயில் வைத்துவிட்டு வர வேண்டும்.

அந்த மாதத்தில் ஒரு நாள் தமையனைக் கண்டாள். முகமெல்லாம் கரி. அவன் முதலில் கேட்டது, "அம்மா எங்கை?" என்று. தோமி நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, "அப்ப நீ ஏன் இஞ்சை நிக்கிறாய்?" என்று கேட்டான். அவ்வளவுதான். திரும்பிப் போனான். அந்தக் கேள்விதான் அவன் அவளோடு கதைத்த கடைசிக் கதை.

சரணடையும் நாள் வந்தபோது வெள்ளைக் கொடிக்குத் துணி இல்லை, இருந்த வெள்ளை எல்லாம் காயத்தில் கட்டியாகிவிட்டது. பெண்கள் துண்டு துண்டாகப் பொறுக்கித் தைத்தார்கள், தோமியும் அந்தக் கையால் தைத்தாள், அழுதுகொண்டு தைத்தவர்களுக்குள் தான் மட்டும் அழவில்லை என்று சொல்வாளாம். வெளியே வந்து வீட்டைத் தேடினால் சாம்பல், அதற்குள் இரண்டு பெரிய ஆட்களின் எலும்பு. பிறகு அய்சுக்காரரை வடக்கு முனையில் ஒன்றும் விளையாத காட்டுக்குத் துரத்தினார்கள். அங்கே பனியில் கடற்பாசியும் செத்த நாயும் தின்று உயிர் தப்பியவர்கள் தப்பினார்கள். தமையனும் தோமியும் ஒரே குடிசை. அவன் காய்ச்சலில் கிடந்தபோது அவள்தான் கஞ்சி பருக்கினாள். அவள் கையால் குடித்தான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தான். அப்படியே ஒரு வார்த்தை இல்லாமல் செத்தான். அவள் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு வண்டிக்காரனைக் கட்டினாள், வாள் குடும்பத்தில் அவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. கோயில் கல்லில் தாயின் பெயரும் நாவோவின் பெயரும் இருக்கின்றன, நாவோ தாயின் கையால் வீட்டில் மாண்டாள் என்று வெட்டியிருக்கிறார்களாம். தமையன் இருந்த காலத்தில் சொன்னபடி. ஊருக்கு அதுதான் அழகான கதை. நிஹேய் ஐயா சொன்னார், "ஒவ்வொரு இலையுதிர் காலமும் எங்கள் ஊரில் ஊர்வலம் போகும், மாண்ட பெண்களுக்குப் பூ வைப்போம், நானும் வைப்பேன். மாண்டவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. ஓடியவளுக்குத்தான் நான் இருக்கிறேன். திருவாளர் முருகேசு, அவள் ஓடியும் தங்கச்சியைக் காப்பாற்ற முடியவில்லை, அதையும் நான் மறைக்கவில்லை. ஓடினால் தப்புவாய் என்று யாருக்கும் சொல்ல ஏலாது. நில் என்று சொல்பவர் தான் எங்கே நின்று சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்."

அப்பா எழும்பினார். கோபம் வந்துவிட்டது. "உங்கட கதை வேற, எங்கட கதை வேற" என்று தமிழிலேயே சொன்னார், அவருக்கு விளங்குமா விளங்காதா என்று பார்க்கவில்லை. பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். நிஹேய் ஐயா கையை ஆட்டினார், தேத்தண்ணி கேட்டார், குடித்தார். ரயிலுக்கு வெளிக்கிடும்போது அப்பா கதவைத் திறந்துகொண்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார், ஜெர்மனில், "அந்தத் தமையன் சாகும்போதும் கதைக்கவில்லையா?" என்று. "இல்லை" என்றார் அவர். "தோமி காத்துக்கொண்டு இருந்தாளா?" "இருந்தாள். கிழவியாகியும் இருந்தாள் என்று என் அப்பா சொல்வார். அவன் செத்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகும்." அப்பா அவரை எஸ்-பான் ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வரும்போது மழையில் நனைந்திருந்தார், குடை கையில்தான் இருந்தது.

வந்ததும் போனை எடுத்தார். லைன் இல்லை. அடுத்த நாளும் இல்லை. வேலையில் இடைவேளைக்கு இடைவேளை அடித்திருக்கிறார், அவரோடு வேலை செய்யும் சுவாமிநாதன் எனக்குச் சொன்னான், பெட்டி வண்டிக்குப் பின்னால் நின்று மனிசன் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறார், என்ன அக்கா பிரச்சினை என்று. அந்த வாரம் மன்னார்ப் பக்கம் செல்லடி என்று செய்தியில் வந்தது. இவர் சாப்பிடவில்லை. பிறகு ஒரு பின்னேரம் லைன் கிடைத்தது. நான் பக்கத்தில் நின்றேன். காற்றும் அலையும் அவளுடைய குரலும் எனக்கே கேட்டது. இவர் ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார், ஆனால் கத்தித்தான் சொன்னார், "தங்கச்சி, வெளிக்கிடு! பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடு!" பிறகு அவள் சொன்னாள், "அண்ணை, நான் கடற்கரையிலதான் நிக்கிறன். நீங்கள் வேண்டாமெண்டாலும் போறதெண்டுதான் வந்தனான். உங்களுக்கு என்னண்டு சொல்லுறதெண்டு தெரியாமல்தான் போன் எடுக்கேல்லை." அப்பாவின் சொல் இல்லாமல் அவள் செய்த முதல் காரியம் அது. "நல்லது" என்றார். திரும்பவும் "நல்லது" என்றார். லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லாமல் கிடந்தோம், அந்த நாட்களில்தான் நீ எடுத்தபோது அப்பா கதைக்கவில்லை, கோபம் உன்னோடு இல்லை. பிறகு மண்டபம் முகாமில் இருந்து குமுதினி எடுத்தாள். படகில் சனத்தை மீன் போல அடுக்கினானாம். நடுக்கடலில் எங்கிருந்தோ சுட்டார்கள், யார் என்று தெரியாது. படகோட்டி எல்லாரையும் படுக்கச் சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினான். இவளுக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஒரு தாய் எழும்பவில்லை, கழுத்தில் வெடி, கைப்பிள்ளை பால் குடித்தபடி இருந்ததாம். அந்தப் பிள்ளையை இவளுடைய மூத்தவள் வாங்கித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். படகோட்டி கரைக்குக் கொண்டுபோகப் பயந்து கடலுக்கு நடுவில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். தண்ணீர் ஏற ஏறச் சிறிசுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்களாம், செத்த மனிசியையும் ஆண்கள் விடாமல் தூக்கி வைத்திருந்தார்களாம். இந்தியக் கடற்படை வந்துதான் ஏற்றியது. மூன்று பேரும் தப்பிவிட்டார்கள், கைப்பிள்ளையும் தப்பிவிட்டது, அதன் தகப்பனைத் தேடுகிறார்கள். மன்னார் வீடு நிற்கிறதோ இல்லையோ தெரியாது. ஒருவேளை ஒரு கீறல் இல்லாமல் நிற்கும், ஒருவேளை இல்லை, அதை வைத்து யார் சொன்னது சரி என்று இனிப் பார்க்க அப்பாவுக்கு விருப்பமில்லை.

அன்றைக்கு அவள் எடுத்தபோது போன் அப்பாவின் கையில். நான் போனை வாங்கக் கை நீட்டினேன், அவர் தரவில்லை, என் கையைத் தட்டிவிட்டார். பிள்ளைகள் சாப்பிட்டார்களா, அங்கே தண்ணீர் வருகிறதா, மறைப்பு இருக்கிறதா, பாய் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், எனக்கே தெரியாத விசயம் எல்லாம் கேட்டார். போன் கார்ட்டில் காசு முடியும்வரை கதைத்தார். இங்கே கூப்பிட ஒரு அன்ட்ராக், விண்ணப்பம், போட்டுப் பார்ப்போம் என்று பேப்பர் வேலை தெரிந்த இராசலிங்கம் அண்ணை சொல்லியிருக்கிறார், அதைப் பற்றி அவளுக்குச் சொல்லும்போது அப்பா பேப்பர்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, வழக்கமாகச் செய்வது போல இப்படிச் செய், அப்படிச் செய் என்று தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டுக் கேட்டார், "நீ என்ன நினைக்கிறாய், தங்கச்சி?" குமுதினி யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அவர் காத்துக்கொண்டு இருக்கிறார்.

சரி, பிள்ளை, கடிதம் நீண்டுவிட்டது, பணியாரம் சுட வேண்டும், பிரவீணன் பசியோடு வருவான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் எடு, நான் எழுதியது தெரிந்தது போலக் காட்டாதே, சும்மா கதை. நிஹேய் ஐயாவிடம் அப்பா தலை குனிந்து வணக்கம் சொன்னார் என்று சொல், அது உண்மை, அப்பாவே சொல்லச் சொன்னார். அங்கே நிலம் அதிருமாம், பனி இடிந்து விழுமாம் என்று டிவியில் காட்டுகிறார்கள். பரீட்சை, கம்ப்யூட்டர், நல்ல பெயர், எது இருந்தாலும் ஆபத்து என்று கண்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடு. எங்களைக் கேட்க நிற்காதே. ஓடி முடித்த பிறகு போன் எடு. முருகன் உன்னோடு நிற்பான், எங்கள் ஆசி என்றைக்கும் உனக்கு உண்டு.

உயிர் வாழ்ந்து சுகமாக இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டும்,
உன் அம்மா
சுந்தரேஸ்வரி முருகேசு